சென்னை விடுமுறை, பறவைகள்: புதுப்பிப்பு

மூன்று வாரம் முன்பு இங்கே ஒரு கேள்வி கேட்டிருந்தேன். சிங்கப்பூரிலிருந்து இரண்டு மாத விடுமுறைக்கு வேளச்சேரியில் சித்தி வீட்டுக்கு வந்திருக்கிறேன். பின்பக்க முருங்கை மரத்தில் 'ஊப், ஊப்' என்று அடித்தொண்டையில் கூப்பிடும் கரிய பறவை எது என்று. செண்பகம் என்று பலர் சொன்னீர்கள். அதேதான்! சிவந்த கண், செங்கல் நிற இறக்கை, வாயில் ஒரு பல்லி. குயில் இனம்தான், ஆனால் தன் கூட்டைத் தானே கட்டிக்கொள்ளுமாம். அது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அப்புறம், நீங்கள் சொன்னபடி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் போனேன். காலை ஆறரைக்கு, துரைப்பாக்கம் போகும் ரேடியல் சாலை ஓரத்திலேயே நின்று பார்த்தேன். கூழைக்கடா, நெடுங்கால் உள்ளான், தூரத்தில் வெளிர் ரோஜா நிறக் கோடு போலப் பூநாரைகள். ஆனால் என்னை அங்கேயே நிறுத்தி வைத்தது நீலத் தாழைக்கோழி. கோரைத் தண்டு ஒன்றை ஒடித்து, காலால் கைபோலப் பிடித்து, வாய்க்குக் கொண்டுபோய் நிதானமாகத் தின்றது. ஒவ்வொரு அடிக்கும் வாலைத் தூக்கும்போது அடியில் வெள்ளை பளிச்சென்று தெரிந்தது.

பின்னால் லாரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. 2022இல் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடம், அதன் கரையில் இவ்வளவு குப்பை கிடப்பது மனதை வருத்துகிறது.

அடுத்த ஞாயிறு சித்தியும் வருகிறார். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.