மறு: டெட்வெயிட் லாஸுக்குத் தமிழ்ல என்ன? வெள்ளிக்கிழமை அச்சு

ஈசூன் அக்கா:
வணக்கம். இங்க சிங்கப்பூர்ல ஜேசி (ஜூனியர் காலேஜ்) பிள்ளைங்களுக்குத் தமிழ்ல பொருளியல் கையேடு போடுறோம், ஒரு சொல்லுல மாட்டிக்கிட்டேன். ஒரு டீக்கு நான் 1.70 வெள்ளி வரைக்கும் குடுப்பேன், கடைக்காரர் 1.60க்குக் கீழ விக்கமாட்டார். 20 காசு வரி போட்டா நான் குடிக்கல, அவர் விக்கல, அரசாங்கத்துக்கும் வரி வரல. அந்த 10 காசு ஆதாயம் யார் பையிலயும் சேரல. இதுதான் டெட்வெயிட் லாஸ். பழைய கையேட்டுல இதுக்கு "செத்த எடை இழப்பு"ன்னு இருக்கு, ஒரு பையன் "ஜிம் பாடமா டீச்சர்?"னு கேக்குறான்.

ஜூரோங் தம்பி:
நான் ஷிப்யார்டு. எங்களுக்கு டெட்வெயிட்னா சரக்கு, எண்ணெய், தண்ணி, ஆளுன்னு கப்பல் தாங்குற எடை, அதுல சாவும் இல்ல இழப்பும் இல்ல. "வீண் இழப்பு"ன்னு போடுங்கக்கா, இல்ல இங்கிலீஷ்லயே விடுங்க, பரீட்சை அதுலதானே.

புலவர் ஐயா:
பரீட்சைக்காகவா தமிழ்? வீண்செலவுன்னா காசு இன்னொருத்தர் கைக்காவது போகும், இது யாருக்குமே போகல. பாழ்னா வெறுமை, அதனால "பாழிழப்பு". அப்படியே சுங்கத்தையும் "உல்கு"ன்னு மாத்துங்க, குறள்லயே உல்குபொருள் வருது. முதலாம் குலோத்துங்கனுக்கே சுங்கம் தவிர்த்த சோழன்னு பேரு, ராஃபிள்ஸ் 1819ல இங்க தீர்வையில்லாத் துறைமுகம் வச்சதுக்கு 700 வருஷம் முந்தி!

பிடோக் அண்ணன்:
ஐயா, உல்கையும் சமஸ்கிருத சுல்கத்தோட முடிச்சுப் போடுறவங்க இருக்காங்க, அதை விடுங்க. இன்னைக்கும் இங்க மது, புகையிலை, வண்டி, பெட்ரோல் மாதிரி சிலதுக்குத்தான் தீர்வை, அதான் ஊர் பிழைச்சுது. ஆனா ஜிஎஸ்டி 1994ல 3%, 2024ல 9%. வரி மூணு மடங்கானா இந்த இழப்பு ஏறக்குறைய ஒன்பது மடங்கு, ஏன்னா வரைபடத்துல இந்த இழப்பு ஒரு முக்கோணம், வரி ஏறினா அதோட அடியும் உயரமும் சேர்ந்தே வளருது. இதைக் கையேட்டுல கொட்டை எழுத்துல போடணும்.

ஜூரோங் தம்பி:
அப்ப ரோட்டு நெரிசலுக்காக வண்டிகிட்ட வாங்குற ஈஆர்பி கட்டணமும் பாழா அண்ணே?

பிடோக் அண்ணன்:
அது வேற கணக்கு தம்பி. நீ வண்டி எடுக்கலன்னா பின்னாடி நெரிசல்ல நிக்கிறவனுக்கு லாபம். சந்தையை அதன் போக்குல விடணும்ங்கிறவங்களே அந்தக் கட்டணத்தை ஒத்துக்குவாங்க.

ஈசூன் அக்கா:
அனுப்பிட்டேன். "பாழிழப்பு", முதல் தடவை மட்டும் பக்கத்துல டெட்வெயிட் லாஸ். உல்கு போடல, ஐயா மன்னிக்கணும். கொட்டை எழுத்தும் இல்ல அண்ணே, ஜிஎஸ்டி பணத்துல என்ன நடக்குதுன்னும் பிள்ளைங்க கேப்பாங்க.

ஜூரோங் தம்பி:
ஒரு சொல்லுல ரெண்டு ழ. எங்க வீட்டுப் பிள்ளைங்க "தமிழ்"ல ஒண்ணுக்கே தடுமாறுது. நான் வீண் இழப்புன்னுதான் சொல்லிக் குடுப்பேன்.