விடுதிக் கட்டணத்துக்கு ஒரு வழி சொல்லுங்களேன்

தங்கைக்குக் கலந்தாய்வில் கோவையில் பொறியியல் இடம் கிடைத்திருக்கிறது. முதல் பட்டதாரி சலுகை கல்விக் கட்டணத்தோடு சரி. அரசு உதவிபெறும் பள்ளியில் படித்ததால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் இல்லை (இருந்திருந்தால் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டியிருக்கும்!).

முன்பணம், மெஸ் டெபாசிட் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாயைச் சேரும் அன்றே கட்டச் சொல்கிறார்கள். அப்பாவுக்குத் தறி வேலை. அம்மாவின் நகை ஏற்கெனவே அடகில். வித்யாலட்சுமி தளத்தில் கல்விக் கடனுக்கு விண்ணப்பித்துவிட்டோம். விடுதிச் செலவும் அதில் அடங்கும், ஆனால் கடன் கைக்கு வருவதற்குள் கெடு முடிந்துவிடும். புதுமைப்பெண் திட்டத்தில் அரசு தரும் 1,000 ரூபாயும் மாதாமாதம்தான்.

கல்லூரியில் தவணை கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? கடிதம் முதல்வருக்கா, விடுதிக் காப்பாளருக்கா? அப்புறம், முதலில் கைமாற்று வாங்கிக் கட்டிவிட்டு, ரசீதைக் காட்டி வங்கியில் திரும்பப் பெற முடிந்ததா? பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில் தங்கிப் படித்தவர்களும் சொல்லுங்கள்.