மறு: கான்பரன்ஸ், ரீஅலைன்மென்ட், பிளே-ஆஃப்: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் தொகுப்புக்காக அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மூன்று சொற்களுக்குத் தமிழ் தேடி மூன்று நாளாக ஓடிக்கொண்டிருக்கும் இந்த இழையை இன்று காலைதான் முழுதாகப் படித்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு: கான்பரன்ஸ் என்பது தங்களுக்குள் மோதிக்கொள்ள ஒன்றுசேர்ந்த பல்கலைக்கழக அணிகளின் தொகுதி; பிக் டென், பசிபிக்-12, எஸ்.இ.சி. எல்லாம் அப்படிப்பட்டவை. சியாட்டிலுக்குப் பக்கத்தில் இருபது வருடமாக இருக்கிறேன். மகள் புல்மன் ஊரில் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தவள். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைப் பேச்சு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

> கான்பரன்ஸ் என்றால் மாநாடு. அகராதியில் இருக்கிறதே, புதிதாக ஏன் தேட வேண்டும்?

ஐயா, "பசிபிக்-12 மாநாட்டிலிருந்து பத்து அணிகள் வெளியேறின" என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் வெளிநடப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆனால் ஒரு விஷயத்தில் நீங்கள் சொல்வதும் சரி. 1895 ஜனவரியில் சிகாகோவின் பால்மர் ஹவுஸ் ஓட்டலில் ஏழு பல்கலைக்கழகத் தலைவர்கள் உட்கார்ந்து, மாணவர் விளையாட்டை எப்படி ஒழுங்குக்குக் கொண்டுவருவது என்று பேசினார்கள். அடுத்த ஆண்டு அது ஆசிரியப் பிரதிநிதிகளின் அமைப்பாக உருவானது. இன்றைய பிக் டென் அதுதான். கூடிப் பேசியதற்கு வைத்த பெயர், கூடியவர்களுக்கே ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் அப்படி நகர்ந்துவிட்டது, தமிழில் மாநாடு நகரவில்லை. நமக்கு மாநாடு முடிந்தால் பந்தலைப் பிரித்துவிடுவார்கள்.

குழாம் என்று ஒரு தோழி எழுதியிருந்தார். அழகான சொல்தான். ஆனால் இலங்கை விளையாட்டுப் பக்கங்களில் குழாம் என்றால் ஒரு தொடருக்குத் தேர்வான வீரர்களின் தொகுதி. ஏற்கெனவே வேலையில் இருக்கும் சொல்லை நாம் பிடுங்கக் கூடாது. இதே காரணத்துக்காக ரோஸ் பவுல் என்ற புகழ்பெற்ற கல்லூரிக் கால்பந்து ஆட்டத்தை ரோஜாக் கிண்ணம் ஆக்குவதையும் விட்டுவிடுவோம். யாழ்ப்பாணத்தில் கிண்ணம் என்றால் வெற்றிக் கோப்பை, உலகக் கிண்ணம் என்பதுபோல. ரோஸ் பவுலிலோ பவுல் என்பது அரங்கத்தின் குழிந்த வடிவத்தால் வந்த பெயர். பவுல் பவுலாகவே இருக்கட்டும்.

கூட்டமைப்பு என்ற சொல்லை மேலே இருக்கும் என்.சி.ஏ.ஏ. (கல்லூரி விளையாட்டுகளின் தேசிய அமைப்பு) போன்றவற்றுக்கு விட்டுவைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் மொழிபெயர்ப்பவர் பாடு திண்டாட்டம்.

வட்டாரம் என்ற யோசனைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பத்துப் பதினைந்து வருடம் முன்னால் கேட்டிருந்தால் இதற்கே கை தூக்கியிருப்பேன். எஸ்.இ.சி. என்றால் தெற்கு, பிக் டென் என்றால் ஏரிகளைச் சுற்றிய நடுமேற்கு, பசிபிக்-12 என்றால் மேற்குக் கரை. பக்கத்து ஊர்க்காரன் பக்கத்து ஊர்க்காரனோடு மோதுவதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். ஆனால் இன்றைய நிலை என்ன? சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டியிருக்கும் ஸ்டான்போர்டும் பெர்க்லியும் 2024 முதல் "அட்லாண்டிக் கோஸ்ட்" என்ற பெயரின் கீழ் ஆடுகின்றன. லாஸ் ஏஞ்சல்ஸின் யு.சி.எல்.ஏ.வும் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் ஒரே கான்பரன்ஸ். நடுவே ஏறத்தாழ 4000 கிலோமீட்டர். கால்பந்து அணியாவது வருடத்தில் சில முறைதான் பறக்கும். வாலிபால் ஆடும் பெண்கள் வாரா வாரம் பாடப் புத்தகத்தோடு விமானம் ஏறுகிறார்கள். இதை வட்டாரம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் முன்வைப்பது கூட்டணி.

> கூட்டணி என்றாலே தேர்தல் வாடை. விளையாட்டுக்கு அது வேண்டாமே.

இந்த மறுப்பு வரும் என்று தெரியும். முதலில் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: கூட்டு, அணி. விளையாட்டில் டீமுக்கு நாம் சொல்வதே அணிதான். அணிகள் கூடியது கூட்டணி. இதைவிட நேரான சொல் எங்கே கிடைக்கும்?

தேர்தல் வாடைக்கு வருகிறேன். அந்த வாடைதான் நமக்கு உதவி என்பேன். ஒரு கலைச்சொல்லை உருவாக்கும்போது அதன் உறவுக்காரச் சொற்களையும் சேர்த்து உருவாக்க வேண்டியிருக்கும். இங்கே அத்தனையும் தயாராக இருக்கின்றன. கூட்டணியில் சேர்ந்தது, கூட்டணியை விட்டு விலகியது, கூட்டணி உடைந்தது. நோட்டர் டேம் கால்பந்தில் எந்தக் கான்பரன்ஸிலும் இல்லை. அதற்கு நம்மிடம் சுயேச்சை இருக்கிறது. பருவக் கடைசியில் நாட்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃபில் எந்தக் கான்பரன்ஸுக்கு எத்தனை இடம் என்று 2025-இல் பெரிய பேரம் நடந்தது. தங்களுக்கு நாலு இடம் உறுதியாக வேண்டும் என்று பிக் டென் கேட்டது. அது இடப் பங்கீடு. தமிழ் வாசகனுக்கு அடிக்குறிப்பே தேவையில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பசிபிக்-12 உடைந்தபோது ஒரேகான் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டு மட்டும் எஞ்சின. பெயரும் பணமும் யாருக்கு என்று வழக்கு, புல்மனுக்குப் பக்கத்தில் கோல்ஃபாக்ஸ் என்ற சின்ன ஊரின் கோர்ட்டுக்குப் போனது. போகிறவர்களுக்கு நிர்வாகத்தில் ஓட்டு இல்லை, இருக்கிறவர்கள்தான் முடிவெடுப்பார்கள் என்று 2023 நவம்பரில் உத்தரவு வந்தது. கட்சியும் சின்னமும் யாருக்கு என்ற வழக்குகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது முதல் வரியிலேயே புரிந்துவிடும்.

> அரசியல் கூட்டணி ஒரு தேர்தலோடு போய்விடும். இவை நூறு வருடம் நின்றவை.

உண்மை, எனக்கும் அதுதான் வலி. பசிபிக் கூட்டணி 1915 டிசம்பரில் போர்ட்லாந்தில் நாலு பல்கலைக்கழகங்களோடு தொடங்கியது. அந்த நாலில் ஒன்று இன்றைய ஒரேகான் ஸ்டேட். கடைசியில் கைவிடப்பட்ட இரண்டிலும் ஒன்று அதுவே. வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டவனை வாசலில் நிறுத்தியது போல. ஆனால் நூறு வருடம் நின்றதை இன்றைக்கும் நிற்பதாகக் காட்டும் சொல்லைத் தேடினால் நாம் பழங்காலத்துக்குத்தான் பெயர் வைப்போம். பிக் டென்னில் இப்போது 18 அணிகள், பிக் 12-இல் 16. பெயரிலிருக்கும் எண்ணுக்கே மதிப்பில்லை.

சரி, ரீஅலைன்மென்ட். அதாவது அணிகள் ஒரு கான்பரன்ஸை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது.

இழையில் பெரும்பான்மை "மறுசீரமைப்பு" பக்கம் இருக்கிறது. எனக்கு இதில் கடுமையான மறுப்பு உண்டு. சீரமைப்பு என்றால் சீர் கெட்டிருந்தது, மேலே ஒருவர் உட்கார்ந்து சரிசெய்தார் என்று பொருள். தொகுதி மறுசீரமைப்பு என்கிறோம். அதற்கு ஓர் ஆணையம் உண்டு. இங்கே அப்படி ஒருவரும் இல்லை. 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒளிபரப்பு உரிமையை என்.சி.ஏ.ஏ. மொத்தமாகத் தன் கையில் வைத்திருக்கக் கூடாது என்று சொன்னது. ஓக்லஹோமா பல்கலைக்கழகமும் வழக்குத் தொடுத்த தரப்பில் இருந்தது. அன்றிலிருந்து யார் தொலைக்காட்சிக்கு நல்ல ஆட்டம் காட்டுகிறார்களோ அவர்களுக்குப் பணம். 2021-இல் டெக்சஸும் அதே ஓக்லஹோமாவும் எஸ்.இ.சி.க்குப் போவதாக அறிவித்தன. 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்கு. சில வாரத்தில் பிக் டென் 7 ஆண்டுக்கு ஏறத்தாழ 700 கோடி டாலருக்கு ஒளிபரப்பு ஒப்பந்தம் போட்டது. அடுத்த ஜூலையில் கொலராடோ பசிபிக்-12-ஐ விட்டுக் கிளம்பியது. அப்புறம் 2023 ஆகஸ்ட் 4, ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள்: ஒரேகானும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனாவும் அரிசோனா ஸ்டேட்டும் யூட்டாவும் பிக் 12-க்கு. இதில் சீர் எங்கே, அமைத்தவர் யார்?

என் பரிந்துரை பெயர்ச்சி. கூட்டணிப் பெயர்ச்சி.

சோதிடச் சொல் என்று உடனே தள்ளிவிடாதீர்கள். பள்ளி இயற்பியலில் இடப்பெயர்ச்சி படித்திருக்கிறோம். பெயர்தல் என்றால் ஒன்று தானாக இடம் விட்டு இடம் நகர்வது. நகர்த்திய கையை அந்தச் சொல் காட்டுவதில்லை. அதோடு குருப்பெயர்ச்சி என்றதும் நம் மனத்தில் ஓடுவது என்ன? நகர்வது ஒரு கிரகம், பலன் பன்னிரண்டு ராசிக்கும். இங்கேயும் அதுதான் நடக்கிறது. இரண்டு பல்கலைக்கழகங்கள் பெயர்ந்தன. நாடு முழுக்க ஒவ்வொருவரும் தன் பலன் என்ன என்று பார்க்க ஓடினார்கள். யு.சி.எல்.ஏ. போனதால் பெர்க்லிக்கு இழப்பு, இரண்டும் ஒரே மாநில அரசின் பிள்ளைகள், ஆகவே யு.சி.எல்.ஏ. பெர்க்லிக்கு ஆண்டுக்கு 1 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று அவர்களின் ஆட்சிக்குழு முடிவு செய்தது. அங்கே மக்கள் அதை ஜீவனாம்சம் என்ற பொருளில்தான் செல்லப்பெயர் வைத்து அழைத்தார்கள்.

நானும் மகளும் 2023 நவம்பர் 25 அன்று சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹஸ்கி ஸ்டேடியத்தில் இருந்தோம். வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மோதும் ஆப்பிள் கப், ஒரே கூட்டணியில் இருந்து ஆடும் கடைசி முறை. ஏரிக்கரை அரங்கம், கடும் குளிர். 21-21 என்று நின்று, கடைசி உதையில் 24-21 என்று வாஷிங்டன் ஜெயித்தது. சுற்றிலும் வாஷிங்டனின் ஊதா நிறம் குதிக்கிறது. எங்களுக்கு முன் வரிசையில் வாஷிங்டன் ஸ்டேட்டின் கருஞ்சிவப்புக் குல்லாய் போட்ட ஒரு பெரியவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே, கையுறையைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டார். மகள் ஒன்றும் பேசவில்லை. அவள் படித்த ஊர் கோதுமையும் பயறும் விளையும் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது; ஆகஸ்டில் பருப்புக்கென்றே திருவிழா நடத்துவார்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குச் சியாட்டிலிலிருந்து ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வருகிறவர்களால்தான் அந்த ஊரின் விடுதியும் சாப்பாட்டுக் கடையும் நடக்கின்றன. அந்த ஊருக்கு நடந்ததைச் "சீரமைப்பு" என்று ஒரு தமிழ் அகராதி பதிவு செய்தால் எனக்குத் தாங்காது. ஆப்பிள் கப் நின்றுவிடவில்லை. ஆனால் நவம்பர் கடைசியின் தாங்ஸ்கிவிங் வாரத்திலிருந்து செப்டம்பருக்குப் போய்விட்டது. 2024-இல் எங்கள் பக்கம், அதாவது வாஷிங்டன் ஸ்டேட், 24-19 என்று ஜெயித்தது.

கடைசியாக, பிளே-ஆஃப்.

> ஐபிஎல் புண்ணியத்தில் பிளே-ஆஃப் தெரியாத பிள்ளை கிடையாது. அப்படியே விட்டால் என்ன?

பேச்சில் தாராளமாக இருக்கட்டும். ஆனால் ஐபிஎல்லில் புள்ளிப் பட்டியலில் முதல் நாலு இடம் யாரோ அவர்கள் உள்ளே போவார்கள், முடிந்தது. கல்லூரிக் கால்பந்தில் 130-க்கும் மேற்பட்ட அணிகள். ஒவ்வொன்றும் வழக்கமான பருவத்தில் ஆடுவது பன்னிரண்டு ஆட்டம்தான். பொதுவான பட்டியல் சாத்தியமே இல்லை. அதனால் 1936 முதல் பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டுத் தரவரிசை சொன்னார்கள். 1998 முதல் கணினிக் கணக்கும் சேர்ந்தது, அப்போதும் தீரவில்லை. 2003 பருவத்தில் ஒரு தரப்பு லூசியானாவின் எல்.எஸ்.யு.வைச் சாம்பியன் என்றது, இன்னொரு தரப்பு யு.எஸ்.சி.யை. பேசியும் எண்ணியும் தீராததை ஆடித் தீர்த்துக்கொள்ளலாம் என்று 2014 பருவத்தில் நாலு அணிகளோடு வந்ததுதான் பிளே-ஆஃப்.

ஆடித் தீர்ப்பது: ஆங்கிலச் சொல்லின் உள்ளே இருப்பதும் இதுதான். ஆகவே தீர்வாட்டம். தகுதிச்சுற்று என்ற பரிந்துரை வேண்டாம். ஐபிஎல்லில் அது குவாலிஃபையருக்குப் பழகிவிட்டது. வாகைச்சுற்று காதுக்கு இனிமைதான். ஆனால் உள்ளே வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே தங்கள் கூட்டணியில் வாகை சூடியவர்கள்.

தீர்வாட்டம் என்றால் இன்னொரு லாபம்: ஆட்டம் தீர்க்கவில்லை என்றால் சொல்லே கேள்வி கேட்கும். 2023-இல் புளோரிடா ஸ்டேட் பதின்மூன்று ஆட்டம் ஆடிப் பதின்மூன்றும் ஜெயித்துக் கூட்டணிச் சாம்பியனும் ஆனது. முதன்மை ஆட்டக்காரருக்குக் காலில் அடி. பதின்மூன்று பேர் கொண்ட தேர்வுக்குழு, அடிபட்டவர் இல்லாத அணி பழைய அணி அல்ல என்று கருதி, ஒரு தோல்வி கண்ட அலபாமாவுக்கு நாலாவது இடத்தைக் கொடுத்தது. அங்கே தீர்த்தது ஆட்டமா, அறையா? 2024 முதல் பன்னிரண்டு அணிகள் என்று விரித்ததை நான் வரவேற்பது இதனால்தான். எட்டாவது இடத்தில் உள்ளே வந்த ஒஹாயோ ஸ்டேட் அந்த ஆண்டு கோப்பையையே வென்றது. தரவரிசையில் முன்னின்ற கூட்டணிச் சாம்பியன்கள் என்பதால் முதல் சுற்றில் ஆடாமலே மேலே ஏறிய நாலு அணிகளும் காலிறுதியிலேயே தோற்றன.

சொற்களை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

"2024-இல் தரவரிசையில் முன்னின்ற ஐந்து கூட்டணிச் சாம்பியன்களுக்குத் தீர்வாட்டத்தில் இடம் உறுதியாக இருந்தது, மீதி ஏழு இடங்களைத் தேர்வுக்குழு நிரப்பியது."

"2023 ஆகஸ்ட் பெயர்ச்சிக்குப் பிறகு பசிபிக்-12 கூட்டணியில் இரண்டே அணிகள் எஞ்சின."

"சுயேச்சையான நோட்டர் டேம் இறுதி ஆட்டம் வரை வந்து 34-23 என்று தோற்றது."

எனக்கு உறுத்தவில்லை. உங்களுக்கு எங்கே உறுத்துகிறது என்று எழுதுங்கள், திருத்தலாம்.

ஒரு சொல் மட்டும் பாக்கி. ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவதற்கு, அதாவது பை என்பதற்கு, "நேரடி முன்னேற்றம்" என்று பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். எழுத்தில் சரி, வாயில் வராது. ஊர்த் திருவிழாக் கபடி, கைப்பந்துப் போட்டி நடத்தியவர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒற்றைப்படையில் அணிகள் வந்து ஓர் அணிக்கு எதிரணி இல்லாமல் போனால் மைக்கில் எப்படி அறிவிப்பீர்கள்? அந்த வார்த்தையை அப்படியே எழுதி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் இந்தத் தொகுப்பிலேயே சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
புல்மனில் படித்த பெண்ணின் அப்பா