பதில்: எக்ஸ்பாண்டட் ரீஇஷ்யூவுக்கு தமிழ்ல என்ன?

> 'மறுவெளியீடு'ன்னு போட்டுட்டு போலாமே அண்ணா, எதுக்கு இவ்ளோ இழுக்கறீங்க?

தம்பி, பத்தாதுப்பா. பழைய ஆல்பத்தோட கூடுதலா நிறைய சரக்கு சேத்து திரும்ப விடறதுதான் எக்ஸ்பாண்டட் ரீஇஷ்யூ, நம்ம கலைச்சொல் பட்டியலுக்கு அதுக்குத்தான் ஒரு தமிழ் வார்த்தை தேடறோம். ஒரு ஆல்பத்த வச்சே சொல்றேன். தி டார்க்னெஸ்னு இங்கிலாந்துல லோஸ்டாஃப்ட் ஊர்க்கார ராக் குழு பசங்க, 2003ல 'பெர்மிஷன் டு லேண்ட்'னு முதல் ஆல்பம் போட்டாங்க, எழுபதுகள்ல விட்டுட்டு வந்த கிட்டாரு, உடம்போட ஒட்டிக்கிற டிரெஸ்ஸு, பாடகன் ஜஸ்டின் ஹாக்கின்ஸோட அந்த கள்ளத்தொண்டை (ஃபால்செட்டோ, அதாவது ஆம்பள இயல்பான குரல விட்டுட்டு மெல்லிசா உச்சத்துல பாடறது, அதுக்கு கச்சேரிக்காரங்க சொல்றதுதான், அதுக்கு ஒரு தனி இழை ஆரம்பிச்சிடாதீங்க), எல்லாத்தயும் தூசி தட்டி எடுத்துட்டு வந்தா ஊரு சிரிக்கும்னு பாத்தா பிரிட்டன்ல நம்பர் ஒன். மொத்தமே பத்து பாட்டு.

2023ல இருவது வருஷம் ஆச்சுன்னு அதே ஆல்பம் பேருக்குப் பின்னாடி 'அகெய்ன்' ஒட்டிக்கிட்டு திரும்ப வந்துச்சு. நாலு சிடி, ஒரு டிவிடி. டெமோ (ஆல்பத்துக்கு முன்னாடி பண்ணிப் பாத்த வெள்ளோட்டப் பதிவு), பி சைடு (சிங்கிள் தட்டோட பின்பக்கப் பாட்டு), நெப்வொர்த்லயும் அஸ்டோரியாவுலயும் மேடையில பாடினது, 2003 கிறிஸ்துமஸுக்கு தனியா விட்டு ரெண்டாவது இடத்துல நின்னுபோன பாட்டு, எல்லாம் உள்ள இருக்கு. இத 'மறுவெளியீடு'ன்னு எழுதினா படிக்கறவன் பழைய தட்டயே இன்னொரு வாட்டி அச்சடிச்சு வித்திருக்கான்னுதான் நினைப்பான்.

'கொசுறுப் பதிப்பு'ன்னு இதே இழையில அக்கா சொன்னது கேக்க ஜோரா இருக்கு. ஆனா காய் வாங்கினா கொசுறா கைப்பிடி கறிவேப்பிலை தருவாங்க, இங்க கறிவேப்பிலை மூட்டையா வருது, அதுக்குள்ள கத்திரிக்காய தேட வேண்டியிருக்கு. போனஸ் டிராக்குக்கு 'கொசுறுப் பாட்டு' வச்சுக்கலாம், அத விட்றாதீங்க.

நான் சொல்றது விரிபதிப்பு. வினைத்தொகை. விரிந்த, விரிகிற, விரியும், மூணு காலமும் அடங்கிடும், முப்பதாவது வருஷத்துக்கும் கம்பெனிக்காரன் ஒண்ணு போடாம இருக்கப் போறதில்ல. நடுவுல ப் போட்டு 'விரிப்பதிப்பு' ஆக்கிடாதீங்க, சுடுசோறுக்கு நடுவுல நாம ச் போடறதில்லயே.

---

> பதிப்புன்னா புஸ்தக வாசனை அடிக்குதே. 'விரிதட்டு' நல்லா இல்லயா?

அக்கா, போன்ல கேக்கறவங்களுக்கு தட்டு எங்க இருக்கு? அதோட புஸ்தக வாசனை அடிச்சா அடிக்கட்டுமே, நன்னூலுக்கே சுருக்கமா காண்டிகையுரை, விரிவா விருத்தியுரைன்னு ரெண்டு இருக்கு. ஒரே நூலு, கூட வர்ற சரக்குதான் அளவு மாறுது. நம்ம ஆல்பம் கதையும் அதேதான. 'விருத்திப் பதிப்பு'ன்னே வைக்கலாம்னு கூட தோணுச்சு, ஆனா வியாபார விருத்தி ஞாபகம் வருது (கம்பெனிக்கு அதுதான் நோக்கம்னு வைங்க).

இன்னொண்ணு, ரீமாஸ்டர இதோட போட்டு குழப்பாதீங்க. அது அதே பாட்டோட ஒலிய மறுபடி சீர்பண்றது, புதுசா ஒரு பாட்டுகூட சேராது. அதுக்கு 'மறுமெருகு' வைக்கலாமான்னு பாருங்க. விரிபதிப்புல மறுமெருகு இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம்.

---

> சரிண்ணா, 'விரிப்பதிப்பு' பட்டியல்ல ஏத்திட்டேன்.

தம்பி, ப்.