கருநீல ஸ்விஃப்டில் சிலந்தி வலைக் கீறல்கள்: பாலிஷா, கோட்டிங்கா?

வண்டி 2019 மாடல் ஸ்விஃப்ட், கருநீலம். ஊர் மதுரை, தெருவோரம்தான் நிற்கும். ஆறு மாதமாகக் கவர் போட்டு வைத்தேன். புழுதியைத் துடைக்காமல் போட்டது என் தப்பு. காற்றில் கவர் ஆடி ஆடி பானட் முழுக்கத் தேய்த்துவிட்டது. மதிய வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்டவட்டமாகக் கீறல்.

நகத்தால் வருடினால் தட்டவில்லை. தண்ணீர் ஊற்றினால் மறைகிறது, காய்ந்ததும் மறுபடி தெரிகிறது. அதனால் கீறல் பெயிண்டுக்கு மேலே உள்ள நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டோடு நிற்கிறது என்று நினைக்கிறேன்.

ஷாம்பூ, மைக்ரோஃபைபர் துணி, வாக்ஸ் எல்லாம் பார்த்தாச்சு. வாக்ஸ் இரண்டு வாரம் மறைத்தது, அவ்வளவுதான். ரப்பிங் காம்பவுண்டை (கீறலைத் தேய்த்து எடுக்கும் பசை) கையால் தேய்த்ததில் ஓரிடம் மங்கியதுதான் மிச்சம். கடையில் நேராக செராமிக் கோட்டிங் (பெயிண்டுக்கு மேல் போடும் பாதுகாப்புப் பூச்சு) போடச் சொல்கிறார்கள். கீறல் மேலேயே போட்டால் அது அப்படியே உள்ளே தெரியாதா?

மெஷின் பாலிஷ் ஒரு தடவை மெல்லிசாகப் போட்டால் இது போய்விடுமா, செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்?