லண்டன் தீவைப்பு வழக்கு: அப்பீல் போனால் 17 வருசத்தைக் குறைக்க வேணுமா?

கல்லடிக்காரன்:
தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2024 மார்ச்சில் கிழக்கு லண்டன் லெய்ட்டனில், உக்ரைனுக்கு அனுப்ப வைத்திருந்த ஸ்டார்லிங்க் செய்மதி இணையச் சாமான்கள் இருந்த களஞ்சியத்தைக் கொளுத்தினார்கள். ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை டெலிகிராமில் கொடுத்த வேலை. ஒழுங்கு செய்தவன் இருபதைத் தாண்டியும் தாண்டாத ஒரு இங்கிலாந்துப் பொடியன். குற்றத்தை ஒப்புக்கொண்டும், 2025 ஒக்டோபரில் 17 வருசச் சிறை, அதற்கு மேல் 6 வருசக் கண்காணிப்பு. அவன் அப்பீல் பண்ணினால் குறைக்கத்தான் வேணும் என்பது என் கட்சி. ஏவினவன் எங்கேயோ சொகுசாக இருக்கிறான். அவன் மேலுள்ள கோபத்தை இவன் தலையில் இறக்குவது என்ன நியாயம்?

நிந்தவூர் காக்கா:
தம்பி, அந்தக் களஞ்சியத்துக்குள் ஆள் படுத்திருந்தால்? அறுபது பேரளவில் வந்து அணைத்த நெருப்பு அது. அதோடு நின்றானா? புட்டினை எதிர்க்கும் ஒரு ரஷ்யருக்கு லண்டன் மேஃபெயாரில் உள்ள உணவகத்தைக் கொளுத்தவும், அந்த ஆளையே கடத்தவும் திட்டம் போட்டிருக்கிறான். இவனைப் போய் அறியாப் பிள்ளை என்கிறீர்கள். காசுக்கு அடுத்தவன் நாட்டுச் சண்டையை வாங்கினவனுக்கு 17 காணாது என்பேன்.

ஆரையம்பதி வசந்தி:
காக்கா, உங்களுக்கு வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இல்லையா? என் மகன் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருக்கிறான். போன கிழமை அவனுடைய டெலிகிராமில் ஒரு செய்தி: ‘இந்தக் கடையின் முன்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, 3,000 ரூபா.’ யார், எதற்கு, ஒன்றும் இல்லை. நான் பார்த்திராவிட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருப்பான். இப்படித்தானே தொடங்குகிறது?

நிந்தவூர் காக்கா:
தங்கச்சி, படம் எடுக்கிறது வேறு, பெற்றோல் ஊற்றுகிறது வேறு.

முகத்துவாரம் மூர்த்தி:
கோட்டில் (நீதிமன்றத்தில்) எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பீல் கோடு பாவம் பார்க்கிற இடம் இல்லை. இங்கிலாந்தில் அவர்கள் கேட்பது, கீழ் நீதிபதி சட்டத்தில் பிழை விட்டாரா, அல்லது தண்டனை வெளிப்படையாகவே மிதமிஞ்சியதா என்றுதான். ‘நானாக இருந்தால் 14 கொடுத்திருப்பேன்’ என்று நினைத்தால்கூட, அதற்காக மட்டும் கை வைக்க மாட்டார்கள். இன்னொன்று: அங்கே குற்றவாளி கேட்கும் அப்பீலில் தண்டனையைக் கூட்ட முடியாது. கூட்ட வேண்டுமென்றால் அரச தரப்பு 28 நாளுக்குள் தனியாகப் போக வேணும். நம்முடைய இலங்கைச் சட்டத்தில் அந்தக் காப்பு இல்லை. 14 நாளுக்குள் அப்பீல் போட்டவனுக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் கூட்டியும் கொடுக்கலாம். லண்டன்காரன் கேட்டுப் பார்ப்பதில் பெரிய நட்டம் இல்லை. கிடைக்குமா என்றால், கஷ்டம்.

கல்லடிக்காரன்:
ஐயா, கேட்கிற வாசல் எவ்வளவு முக்கியம் என்று நம்முடைய மட்டக்களப்பு மாவட்டத்துக்குத் தெரியாதா? சிங்கராசா வழக்கு. அந்த மனிதரை 1993இல் நாவற்காட்டில் பிடித்தார்கள், 1995இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 50 வருசம். 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 35 ஆக்கியது. அடுத்த வருசம் நாட்டின் ஆக மேல் கோடான உயர் நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது. நாட்டுப் பாதுகாப்பு என்று சொன்னதும் எல்லா நீதிபதியும் கையைக் கட்டிக்கொள்கிறார்கள், அங்கேயும் இங்கேயும்.

முகத்துவாரம் மூர்த்தி:
இங்கேதான் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன், தம்பி. அந்த வழக்கில் தமிழ் மட்டும் தெரிந்த மனிதனுடைய வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது. பெருவிரல் அடையாளம் வைத்தார். விருப்பத்தோடு சொல்லவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பையும் அவர் மேலேயே சட்டம் போட்டது. அப்பீலில் 15 வருசம் குறைந்தது, அந்த வாக்குமூலத்தை யாரும் அசைக்கவில்லை. 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழுதான் அது நியாயமான விசாரணை இல்லை என்றது. 2006இல் அதையும் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. லண்டனில் பொடியன் வழக்கறிஞரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் மொழியில், திறந்த கோட்டில் ஒப்புக்கொண்டான். அவனுடைய டெலிகிராம் உரையாடல்களும் கோட்டில் இருந்தன. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் நாவற்காட்டு மனிதனுக்குத்தான் அநியாயம்.

ஆரையம்பதி வசந்தி:
சரி ஐயா. கூலிக்குக் கொளுத்தப் போனவர்களுக்கும் ரஷ்யாவுக்கு உதவின குற்றமா?

முகத்துவாரம் மூர்த்தி:
இல்லை மகள். அவர்களை ஜூரி குற்றவாளியாகக் கண்டது உயிராபத்தான தீவைப்புக்கு. 2023ஆம் ஆண்டுத் தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது ஒழுங்கு செய்தவன் மேலும் அவனுடைய கூட்டாளி மேலும்தான். கூட்டாளிக்கு 12 வருசம்.

நிந்தவூர் காக்கா:
அப்போ கோடே ஆளைப் பார்த்துத்தானே அளந்திருக்கிறது. பிறகென்ன அப்பீல்?

கல்லடிக்காரன்:
அளந்திருக்கிறது, காக்கா. ஆனால் ஒப்புக்கொண்டதற்குத் தள்ளுபடி கழித்த பிறகும் 17 என்றால், எந்த எண்ணில் தொடங்கியிருப்பார்கள்? அந்தத் தொடக்க எண்ணை மேலே உள்ள மூன்று நீதிபதிகள் ஒருக்கால் பார்க்கட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

நிந்தவூர் காக்கா:
பார்க்கட்டும். பார்த்துவிட்டு 17ஐ அப்படியே வைக்கட்டும்.