ரோமானியர் கான்கிரீட் இன்னும் நிற்கிறது, இன்றைய கட்டிடம் ஏன் சீக்கிரம் விரிசல் விடுகிறது?

கேள்வி:
ரோமில் இருக்கும் பாந்தியன் என்ற பழைய கோயிலின் குவிமாடம் 43 மீட்டர் அகலம், உள்ளே ஒரு கம்பி கூட கிடையாது, கட்டி ஏறக்குறைய 1900 வருடம் ஆகிறது. இன்றைய கட்டிடங்களோ சில பத்தாண்டுகளிலேயே பெயர்ந்து விழ ஆரம்பிக்கின்றன. ரோமானியர் கலவை விரிசலைத் தானே அடைத்துக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா? அப்படியென்றால் நாமும் அதையே பயன்படுத்தலாமே?

பதில் 1:
உண்மைதான். அந்தக் கான்கிரீட்டில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் இருக்கும், சரியாகக் கலக்காமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 2023ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வு, சுட்ட சுண்ணாம்பை நீற்றாமல் (முன்கூட்டியே தண்ணீர் ஊற்றித் தணிக்காமல்) அப்படியே சூடாகக் கலந்ததால் வந்த கட்டிகள் அவை என்கிறது. விரிசலில் தண்ணீர் இறங்கினால் கட்டி கரைந்து, கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து அடைத்துவிடுகிறது. அரை மில்லிமீட்டர் விரிசல் இரண்டே வாரத்தில் அடைபட்டதாம், அருமையான விஷயம்!

பதில் 2:
ஆனால் நின்றதை மட்டும்தானே இன்று பார்க்கிறோம். ரோமில் அடுக்குமாடி வீடுகள் அடிக்கடி இடிந்து விழுந்தன, அகஸ்டஸ் மன்னரே தெருவோரக் கட்டிடங்கள் 70 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் போட வேண்டியிருந்தது.

பதில் 3:
கலவையை விட முக்கியம் கம்பி. கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது. பாந்தியனில் பாரம் பெரும்பாலும் அழுத்தமாகவே கீழே இறங்குகிறது, அடியில் சுமார் 6 மீட்டர் தடிமன், மேலே போகப் போக மெலிந்து எடை குறைந்த எரிமலைக் கல்லாகிவிடுகிறது (அதிலும் விரிசல் உண்டு, ஆனாலும் நிற்கிறது). தட்டையான தளமும் நீளமான பீமும் வேண்டுமென்றால் கம்பி இல்லாமல் முடியாது. உப்போ காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோ உள்ளே போனால் கம்பியின் பாதுகாப்பு போய்விடும், அப்புறம் ஈரம் பட்டால் துருதான், துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் எடுக்கும், மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளிவிடும். அதனால் தளத்தின் அடியில் கம்பி போகும் வரிசையிலேயே விரிசல் ஓடி, பழுப்புக் கறையும் தெரிந்தால் தயவுசெய்து மேலே பூசி மறைக்காதீர்கள், துரு உள்ளே வளர்ந்துகொண்டேதான் இருக்கும். பூச்சில் மட்டும் இருக்கும் மயிரிழை விரிசல் வேறு விஷயம். தூணுக்குப் பக்கத்தில் பீமில் சாய்வாக விரிசல் வந்தால் அன்றைக்கே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.